எங்க ஊரு பேச்சிராக்கு

எனக்குக் கோவம் ஜாஸ்தி. அதை மொதல்லயே சொல்லிடறேன், அப்பால யாரும் "இன்னா இந்தப் பொம்பள இப்பிடி எகிறுது"ன்னு கேக்கக் கூடாது. எங்க ஊர்ல கோவம் இல்லாத நல்ல மனுசங்க நெறைய பேர் இருந்தாங்க. அவங்க எல்லாரும் சேந்து ஒரு கிணத்துக்காக வருசக்கணக்கா காத்துக்கினு இருந்தாங்க. ஒரு குடம் தண்ணி வரல.

நான் ஆரணிப் பக்கம் பொறந்தவ. மிஷன் பள்ளிக்கூடத்துல அஞ்சாங்கிளாஸ் முடிச்சேன். அந்தக் காலத்துல எங்க ஜனத்துல ஒரு பொண்ணு அஞ்சாங்கிளாஸ் முடிச்சான்னா தெருவே வந்து பாக்கும். என்னைக் கட்டிக்குடுத்தது கும்முடிப்பூண்டிக்கும் ஆரணியாத்துக்கும் நடுவுல ஒரு மேட்டுக்கு. இருபத்திரண்டு குடிசை. இன்னிக்கு அந்த மேட்டைச் சுத்தி கம்பெனி ஷெட்டு. லாரி திரும்பற எடத்துல நின்னு பாத்தாத்தான் எங்க தெரு தெரியும். நான் சொல்றது அம்பதுகள்ல. அப்ப சுத்தி வயலு, சவுக்கு, ஆத்து மணலு, அவ்ளோதான்.

ஒரு மைல் தள்ளி பெரிய ஊரு. கோயில், ஏரி, பஞ்சாயத்து போர்டு, மணியக்காரர், நெலக் கணக்கு எழுதற கர்ணம் எல்லாம் அங்க. எங்க ஆளுங்க வேலை செஞ்சது அவங்க நெலத்துல. தண்ணியும் அங்கதான். தண்ணின்னா நாமே போய் மொண்டுக்கறது இல்ல. கிணத்துக்குத் தள்ளி நிக்கணும். குடத்தைக் கீழ வெக்கணும். அந்தூரு அம்மா யாராச்சும் மனசு வெச்சு மேல இருந்து ஊத்துவாங்க. அவங்க மனசு வெக்கற வரைக்கும் "ஊத்துங்கம்மா, ஊத்துங்கம்மா"ன்னு சொல்லிக்கினே நிக்கணும். யாரு வேணா எந்தக் கிணத்துலயும் மொள்ளலாம்னு சட்டம் வந்துடுச்சுன்னு எங்க வாத்தியாரு பள்ளிக்கூடத்துல சொல்லியிருந்தாரு. அந்தச் சட்டம் அந்தக் கிணத்தாண்ட இன்னும் வந்து சேரல.

ஒரு நாள் எம்பொண்ணு, அப்ப நாலு வயசு, வாசல்ல கொட்டாங்குச்சி வெச்சு வெளையாடிக்கினு இருந்தா. எதிர்ல ஒரு செங்கல்லு. அந்தச் செங்கல்லுதான் கிணத்தாண்ட இருக்கற அம்மா. அதுக்கு முன்னாடி கழுத்தை ஒரு பக்கமா சாச்சிக்கினு, குரலை இழுத்து, "ஊத்துங்கம்மா, ஊத்துங்கம்மா"ங்கறா. யாரும் சொல்லிக்குடுக்கல. என்னைப் பாத்துக் கத்துக்கினது. செங்கல்லைத் தூக்கி வேலிக்கு அந்தாண்ட வீசினேன். கொழந்தை வீல்னு அழுவுது, நானும் அழுவறேன். சாயங்காலம் எங்க ஊட்டுக்காரரு வந்து கால் கழுவறதுக்குள்ள சொல்லிட்டேன்: "நம்ம ஊர்ல ஒரு கிணறு வேணும். நான் போய் கேக்கப் போறேன்."

அவரு சாது. குரலே ஏறாது. "நைனாவே மூணு வாட்டி தாலுகா ஆபீஸ் போய்ட்டு வந்தாரு. பேச்சிராதுன்னு சொல்லி அனுப்பிட்டாங்க. நீ போய் இன்னா கிழிக்கப் போறே?"ன்னாரு.

"பேச்சிராதுன்னா?"

"நம்ம ஊரைப் பத்தி பேச்சே இராது. பேசவே கூடாது. சர்க்கார் உத்தரவு."

கல்யாணம் ஆகி வந்ததுல இருந்து அந்த வார்த்தையைக் கேட்டுக்கினுதான் இருக்கேன். புள்ளைங்க ரெண்டாவது வாட்டி களி கேட்டா "பேச்சிராது"ன்னு சொல்லுவாங்க. பொண்ணு வேற பையனைக் கட்டிக்கறேன்னா "பேச்சிராது". நான் ஏதோ ஊரு வழக்குன்னு நெனைச்சுக்கினு இருந்தேன். அது தாலுகா ஆபீஸ்ல இருந்து எங்க மாமனாரு கொண்டாந்த வார்த்தைன்னு அன்னிக்குத்தான் தெரியும்.

மொதல்ல பஞ்சாயத்து போர்டு பிரசிடெண்டாண்ட போனேன். கெட்டவருன்னு சொல்ல மாட்டேன். சிரிச்ச மொகம். நாற்காலியில குந்திக்கினு, "கிணறு தானே? ஜில்லா போர்டுல பணம் வருது, வெட்டிடலாமே. ஆனா உங்க சேரி நத்தத்துலதான் வெட்ட முடியும்"னாரு. நத்தம்னா, இங்க ஜனம் குடியிருக்குதுன்னு சர்க்கார் புஸ்தகத்துல எழுதி வெச்சிருக்கற நெலம். அந்த எடம் எங்க இருக்குன்னு கேட்டேன். எங்க மாமனாரு வாலிபமா இருந்த காலத்துல ஆத்துல பெரிய வெள்ளம் வந்து பழைய சேரியையே வாரிக்கினு போச்சு. அப்பத்தான் எல்லாரும் இந்த மேட்டுக்கு ஏறி வந்தது. அது ஊருக்கே தெரியும். அவருக்கும் தெரியும்.

"நத்தம் இப்ப ஆத்துக்குள்ள கீதுங்க"ன்னேன்.

"அது ஆத்தோட தப்பு, போர்டு இன்னா பண்ணும்?"னு சிரிச்சாரு.

"அப்ப நாங்க இப்ப இருக்கற மேட்டுல வெட்டுங்க."

"அது வேற கிராமம்மா. எங்க எல்லை இல்ல."

"எங்க ஓட்டு உங்க லிஸ்டுல கீதே?"

"ஓட்டு, தலை எல்லாம் எங்க கணக்குலதான். அது இல்லாம போர்டுக்கு ஜனத்தொகை காட்ட முடியுமா?"

பாருங்க அநியாயத்தை. தலை அவங்க ஊர்ல, தாகம் மட்டும் எங்க ஊர்ல. எனக்கு வந்த கோவத்துக்கு அந்த நாற்காலியைக் கவுத்திருப்பேன். புருசன் அவரு நெலத்துல வேலை செய்யறாருன்னு பல்லைக் கடிச்சிக்கினு வந்தேன்.

ஜில்லா போர்டுக்கு நானே ஒரு கார்டு எழுதிப் போட்டேன். ஒரு மாசம் கழிச்சு பதில் வந்துது. அச்சடிச்ச காயிதம், நடுவுல மட்டும் பேனாவுல எழுதியிருந்துது: சம்பந்தப்பட்ட கிராமத்துல குடிகள் இருக்காங்கன்னு தாசில்தார்கிட்ட இருந்து எழுதி வாங்கியாரணும். அன்னிக்கு வரைக்கும் சர்க்கார்னா ஒண்ணுதான்னு நெனைச்சுக்கினு இருந்தவ நான். அப்பிடி இல்ல. அதுக்கு ரெண்டு ஏணி. நெலத்தைப் பாக்கற ஏணி ஒண்ணு: கீழ கர்ணமும் மணியக்காரரும், மேல ரெவின்யூ இன்ஸ்பெக்டரு, தாசில்தாரு, டிப்டி கலெக்டரு, உச்சியில கலெக்டரு. ரோடு, பள்ளிக்கூடம், கிணறு பாக்கற ஏணி இன்னொண்ணு: கீழ பஞ்சாயத்து போர்டு, மேல ஜில்லா போர்டு. கிணறு வேணும்னா இந்த ஏணியில ஏறணும். ஆனா இந்த ஏணியில கால் வெக்கறதுக்கு நீ இன்ன ஊருன்னு அந்த ஏணிக்காரங்க எழுதித் தரணும். சாமி வரம் குடுத்தாலும் பூசாரி குடுக்க மாட்டான்னு சொல்லுவாங்களே, இங்க சாமியும் ரெண்டு, பூசாரியும் ரெண்டு. இதெல்லாம் எனக்கு யாரும் குந்த வெச்சுச் சொல்லல. நடந்து நடந்து செருப்பு தேஞ்சு தெரிஞ்சுக்கினது.

தாலுகா ஆபீஸுக்கு ரயிலேறிப் போனேன். துணைக்கு யாரும் வரல. சன்னலாண்ட ஒரு கிளார்க்கு, வெத்தலை போட்ட வாயி. மனுவை நீட்டினேன். ஊரு பேரைப் பாத்தாரு. ஒரு தடிப் புஸ்தகத்தைப் புரட்டினாரு. மனுவை என் பக்கமே தள்ளி உட்டுட்டு அந்த வார்த்தையைச் சொன்னாரு.

கேட்டவுடனே எனக்கு எங்கயிருந்துதான் வந்துச்சோ ஆங்காரம். "ஏன் சார் பேச்சிராது? இன்னாத்துக்குப் பேச்சிராது? ரயிலுக்கு டிக்கெட்டு எடுத்துக்கினு வந்திருக்கறதே பேசத்தான்! நான் பேசுவேன். நீங்க கேட்டுத்தான் ஆவணும்!"னு கத்தினேன். ஆபீஸே திரும்பிப் பாத்துது.

அந்த மனுசன் ஒரு நிமிசம் முழிச்சாரு. அப்பால சிரிச்சாரு பாருங்க, வெத்தலை எச்சில் தெறிக்கச் சிரிச்சாரு. பக்கத்து மேசைக்காரரைக் கூப்பிட்டு, "கேட்டீங்களா சார், பேச்சிராதாம்!"னாரு. அவரும் சிரிச்சாரு. பியூன் கூட சிரிச்சான். "அது பேச்சிராக்கும்மா. பேச்சி-ராக்கு. உங்க ஊரு பேச்சிராக்கு கிராமம். போ போ"ன்னு சொல்லிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டாரு. பேச்சிராக்குன்னா இன்னா அர்த்தம்னு கேட்டேன். "அர்த்தம் எல்லாம் எனக்கு எதுக்கு? புஸ்தகத்துல அப்பிடித்தான் போட்டிருக்கு"ன்னாரு. மானம் போச்சு. ரயில்ல வரும்போது சன்னலைப் பாத்துத் திரும்பிக் குந்திக்கினேன்.

எங்க மேட்டுக்கு மாசத்துக்கு ஒரு வாட்டி பழவேற்காட்டுல இருந்து ஒரு ஜவுளிக்கார பாய் வருவாரு. மூட்டையைத் தோள்ல போட்டுக்கினு, "தங்கச்சி, சீட்டித் துணி வந்திருக்கு"ன்னு ஊடு ஊடா நிப்பாரு. எங்ககிட்ட வித்து அவரு மாடி கட்டினதில்ல. ஆனா எங்க வாசல்ல தண்ணி வாங்கிக் குடிக்கற வெளியாளு அவரு ஒருத்தருதான், அத்தொட்டு எனக்கு அவரு மேல மரியாதை. அந்த வாட்டி அவரு வந்தப்போ துணியைக் கூடப் பாக்காம கேட்டேன்: "பாய், பேச்சிராக்குன்னா இன்னா?"

அவரு மூட்டையை எறக்கி வெச்சாரு. ரெண்டு மூணு வாட்டி வாய்க்குள்ள சொல்லிப் பாத்தாரு. "பேச்சிராக்கு... பேச்சிராக்கு... அட, பே-சிராக்! அது நவாப்பு காலத்து சர்க்கார் கச்சேரி பாஷை தங்கச்சி. பே-ன்னா இல்லாத. சிராக்னா வெளக்கு. வெளக்கு இல்லாத ஊரு. வெளக்கேத்தறதுக்கு ஒரு ஆளு கூட இல்லாத காலி ஊருன்னு அர்த்தம். யாரைச் சொன்னாங்க?"

"எங்களைத்தான்"னேன்.

பாய் சுத்திப் பாத்தாரு. ஒரு பக்கம் கோழி மேயுது, புள்ளைங்க ஓடுது, ரெண்டு ஊட்டுக்காரிங்க சண்டை போட்டுக்கினு இருக்காங்க. "யா அல்லா"ன்னு தலையில கை வெச்சுக்கினாரு.

எங்க மாமனாரு அந்தாண்ட கயித்துக்கட்டில்ல படுத்துக்கினு கேட்டுக்கினு இருந்தாரு. எழுந்து குந்தினாரு. அப்பால என்னைக் கேட்டாரு: "அப்ப அவங்க என்னைப் பேசாதேன்னு சொல்லலயா?"

"சொல்லல மாமா."

"நானாத்தான் வாயை மூடிக்கினு வந்துட்டேனா? மூணு வாட்டியும்?"

பேசாதேன்னு சொல்லிச் சொல்லியே வளத்த ஜனம். ஆபீஸ்ல ஒருத்தன் இன்னா சொன்னாலும் அதுதான் காதுல உழும். அன்னிக்கு அந்த மனுசன் மொகத்தைப் பாத்துக்கினே, கிணறு வாங்காம உட மாட்டேன்னு சத்தமாவே சொன்னேன். பாய் "இன்ஷா அல்லா"ன்னாரு. துணி ஒண்ணும் விக்காம பூட்டாரு.

கோடையில ஜமாபந்தி நடக்கும். வருசத்துக்கு ஒரு வாட்டி பெரிய ஆபீசரு வந்து தாலுகாவுல இருக்கற எல்லா கர்ணத்தோட கணக்குப் புஸ்தகத்தையும் பாப்பாரு. அப்பவே ஜனங்க மனுவையும் நேரா வாங்குவாரு. சன்னல்ல நிக்கற கிளார்க்கைத் தாண்டிப் போறதுக்கு அது ஒண்ணுதான் வழி. வரச் சொல்லி ஊடு ஊடா போய்க் கேட்டேன். பாதி பேரு "கூலி பூடும்"னாங்க. ஒருத்தி, "உனக்குப் படிச்ச திமிரு"ன்னா. ஆமாண்டி, அஞ்சாங்கிளாஸ் திமிருன்னு சொல்லிட்டு வந்தேன். கடைசியில எட்டு பேரு சேந்தோம். எங்க மாமனாரு வேட்டியைத் தொவைச்சுக் கட்டிக்கினு எங்களுக்கு முந்தி ரயிலடியில நிக்கறாரு.

ஆபீஸாண்ட மரத்தடியில மனு எழுதறவரு, "எங்கள் மீது கிருபை கூர்ந்து, பாதம் பணிந்து"ன்னு ஆரம்பிச்சாரு. "அதெல்லாம் வேணாம் ஐயா. எங்க ஊர்ல ஆளுங்க கீறோம், கிணறு வேணும், அதை மட்டும் எழுதுங்க"ன்னேன். "அப்பிடி எழுதினா மனு மாதிரியே இருக்காதும்மா"ன்னு மொகத்தைச் சுளிச்சாரு. எழுதிக் குடுத்தாரு.

பந்தல் போட்டிருந்தாங்க. ஆபீசரு சின்ன வயசு, கண்ணாடி போட்டவரு, வேற ஜில்லாக்காரருன்னு பேச்சுலயே தெரிஞ்சுது. ஒரு பக்கம் கர்ணமுங்க எல்லாம் துணியில கட்டின புஸ்தகங்களை மடியில வெச்சுக்கினு வரிசையா குந்தியிருந்தாங்க. பெரிய ஊரு கர்ணமும் இருந்தாரு. எங்க மேட்டுக்கும் அவருதான் கணக்கு. ஒரு பொட்டு மை சிந்தாம எழுதறவருன்னு தாலுகா பூரா அவருக்குப் பேரு. பிரசிடெண்டும் ஏதோ ஏரி விசயமா வந்திருந்தாரு. எங்களைப் பாத்துச் சிரிச்சாரு.

எங்க முறை வந்துது. ஆபீசரு மனுவைப் படிச்சாரு. "உங்க ஊர் ஆளில்லாத கிராமம்னு இருக்கே?"

"தோ, எட்டு பேரு நிக்கறோமே சார்."

பந்தல்ல சிரிப்பு. அவரு சிரிக்கல. "நீங்க இருக்கறது எனக்குத் தெரியுதும்மா. ஆனா கணக்குல நத்தம் இருந்தாத்தான் அது குடியிருப்பு. நத்தம் இல்லாத எடத்துல போர்டு கிணறு வெட்டாது"ன்னாரு. பொறுமையாத்தான் சொன்னாரு. அப்பால கர்ணத்தைப் பாத்து, "அந்தக் கிராமத்துப் பொறம்போக்குக் கணக்கைப் படிங்க. நத்தம் இல்லைன்னு அவங்க காதாலயே கேக்கட்டும்"னாரு.

கர்ணம் எழுந்து நின்னு புஸ்தகத்தை விரிச்சாரு. மெலிசு புஸ்தகம். அழகா, நிறுத்தி, பாட்டு பாடற மாதிரி படிச்சாரு. "ஏரி உள்வாய். வாய்க்கால். வண்டிப்பாதை. மேய்க்கால். சுடுகாடு. களர்..."

"நில்லுங்க சாமி!"

நான்தான் கத்தினேன். கத்தின அப்புறம்தான் கத்தினேன்னு எனக்கே தெரிஞ்சுது. கர்ணம் கண்ணாடிக்கு மேல பாத்தாரு.

"களருக்கு முந்தி இன்னா படிச்சீங்க?"

"சுடுகாடு."

"எந்த ஊரு சுடுகாடு?"

"இந்தக் கிராமத்துதுதான்."

நான் ஆபீசரைப் பாத்தேன். "ஆளே இல்லாத ஊர்ல யாரு சார் செத்தது?"

ஆபீசரு கையை நீட்டி அந்தப் புஸ்தகத்தை வாங்கி அவரே பாத்தாரு. கர்ணத்துக்கு மொகம் செவந்து போச்சு. "அது வந்துங்க, எங்க ஊரு சேரிக்காக ஒதுக்கினது. எல்லைக்கு அந்தாண்ட விழுந்துடுச்சு"ன்னாரு.

"அந்தச் சேரி எங்க இருக்கு?"

கர்ணம் பிரசிடெண்டைப் பாத்தாரு. பிரசிடெண்டு தரையைப் பாத்தாரு. "வெள்ளத்துல போச்சுங்க"ன்னாரு கர்ணம்.

"ஜனங்க?"

அப்ப எனக்குப் பின்னாடி இருந்து எங்க மாமனாரு முன்னால வந்தாரு. கை கட்டல. நிறுத்தாம பேசினாரு. "நாங்கதான் சாமி அந்த ஜனம். ஆத்துல ஊடு போனப்போ போக்கிடம் இல்ல. மேடா இருந்தது எங்க சுடுகாட்டுப் பக்கம் ஒண்ணுதான். பொணத்தைக் கொண்டாந்து பொதைச்ச எடத்தாண்டயே புள்ளகுட்டியோட ஏறிக்கினோம். அன்னியில இருந்து அங்கதான் கீறோம். எங்க அப்பனும் அங்கதான் படுத்துக்கினு கீறான். வந்து பாருங்க."

ஆபீசரு திரும்பினாரு. பிரசிடெண்டைக் கேட்டாரு: "இவங்களை உங்க ஊர் ஜனத்தொகையில சேத்திருக்கீங்களா?"

"சேத்திருக்கோம் சார்."

"எந்த எடத்துல குடியிருக்கறதா?"

"சேரி நத்தத்துல..."

"ஆத்துக்குள்ள?"

இந்த வாட்டி பந்தல் சிரிச்சது எங்களைப் பாத்து இல்ல. ரெவின்யூ இன்ஸ்பெக்டரைக் கூப்பிட்டு நேரா போயி பாத்து, ஊடு ஊடா தலை எண்ணி, மாடு மேயற மேய்க்கால்ல ஒரு பகுதியை நத்தமா மாத்த எழுதி அனுப்பணும்னு உத்தரவு போட்டாரு. கர்ணம் அந்தப் பக்கத்துல செவப்பு மையால குறிப்பு எழுதும்போது ஒரு சொட்டு சிந்திடுச்சு. நான் பாத்தேன். பாவம்னு கூட தோணிச்சு.

ரெவின்யூ இன்ஸ்பெக்டரு சைக்கிள்ல வந்த அன்னிக்கு இன்னொரு கூத்து. காக்கி அரைக்கால் சட்டையைப் பாத்தவுடனே போலீஸுன்னு பயந்து பாதி ஜனம் சவுக்குத் தோப்புக்குள்ள ஓடிடுச்சு. ஆளில்லாத ஊரை ஆளிருக்கற ஊருன்னு காட்டறதுக்கு நான் தோப்புக்குள்ள ஓடி ஓடி ஆளுங்களைப் பிடிச்சு இழுத்தாறேன். "ஏய், வாங்கடி! உங்களை எண்றதுக்குத்தான் வந்திருக்காரு, தின்றதுக்கு இல்ல!" ஒருத்தி தாழ்ப்பா போட்டுக்கினா. கதவை உதைச்சேன். மூச்சு வாங்க வாங்க எண்ணி முடிச்சோம். நூத்திப் பதினாலு பேரு. எங்க ஊட்டுக்காரரு கூட அன்னிக்குக் குரல் ஏத்திச் சிரிச்சாரு.

அடுத்த வருசம் தை மாசம் ஜில்லா போர்டு ஓவர்சியரு வந்தாரு. வண்டி நிறுத்தத் தோதா பாதை ஓரமா ஒரு எடத்தைக் காட்டினாரு. "அங்க வேணாம் ஐயா, மேக்குப் பக்கம் நல்ல ஊத்து கீது, எங்க ஆளுங்களுக்குத் தெரியும்"னு எங்க மாமனாரு சொன்னாரு. நல்லா வாயைத் தொறந்துதான் சொன்னாரு. ஓவர்சியரு கேக்கல. எங்க ஆளுங்களே வெட்டினாங்க. பொம்பளைங்க மண்ணு சொமந்தோம். தண்ணி வந்துது, எல்லாரும் குலவை போட்டோம், நான் மொத ஆளா கையில மொண்டு வாயில ஊத்திக்கினேன்.

உப்பு. கடல் தண்ணி மாதிரி உப்பு.

கிணறு வெட்ட பூதம் கெளம்பின கதை ஆச்சு. சேதி பெரிய ஊருக்குப் போய், பிரசிடெண்டு "கொழம்புக்குத் தனியா உப்பு வாங்க வேணாம்"னு சொன்னாராம். அது கூட பரவாயில்ல. எங்க தெருப் பொம்பளைங்களே, "ஊரைக் கூட்டி சண்டை போட்டு உப்புத் தண்ணி வாங்கியாந்தா பாரு"ன்னு என் காதுபடச் சொன்னாங்க. மறுநாள் காலையில எல்லாரும் குடத்தைத் தூக்கிக்கினு பழையபடி பெரிய ஊருக்கே நடந்தாங்க. நானும் நடந்தேன். அதைச் சொல்லாம உட்டா பொய் ஆயிடும். அன்னிக்கு எனக்குச் சோறு எறங்கல. எதுக்குடா இவ்ளோ பாடுன்னு எங்க ஊட்டுக்காரரு மேல போய் எரிஞ்சு உழுந்தேன்.

மேக்குப் பக்கம் கிணறு வெட்டி நல்ல தண்ணி வந்தது அதுக்கும் அடுத்த கோடையில. எங்க ஊரு கிணத்துக் கதைன்னா எல்லாரும் அந்த நாளைத்தான் சொல்லுவாங்க, பூசை போட்டது, பாயாசம் வெச்சதுன்னு. எனக்கு மனசுல நிக்கறது அது இல்ல. உப்புத் தண்ணி வந்த வாரத்துல, அடி மேல அடி வெச்சா அம்மியும் நகரும்னு சொல்லிக்கினு, ரெண்டாவது மனுவை எடுத்துக்கினு தாலுகா ஆபீஸ் சன்னலாண்ட போய் நின்னேனே, அந்த நாளுதான்.

அதே கிளார்க்கு. அதே வெத்தலை. என்னை அவருக்கு அடையாளம் தெரியல.

"எந்த ஊரு?"ன்னாரு.

சொன்னேன். கை தன்னால சன்னல் கம்பியைப் பிடிச்சுக்கிச்சு. அவரு தடிப் புஸ்தகத்தைப் புரட்டினாரு. ஒரு பக்கத்துல நிறுத்தினாரு. விரலை வெச்சு வரியைத் தேடினாரு.

"ம். இருக்கு"ன்னாரு. "இன்னா விசயம்?"

"கிணறு வெட்டினாங்க சார். தண்ணி உப்பு. வேற எடத்துல வெட்டணும்."

"உப்புன்னா போர்டுக்கு எழுதணும். அனுப்பறேன். குடிகள் நூத்திப் பதினாலு"ன்னு புஸ்தகத்தைப் பாத்து மனு மூலையில எழுதினாரு. சிரிக்கல, என் மொகத்தைக் கூட நிமிந்து பாக்கல. மத்த ஊருக்காரங்களை எப்பிடி நடத்துவாரோ அப்பிடியே நடத்தினாரு. கும்முடிப்பூண்டிக்காரனுக்கும் மீஞ்சூர்க்காரனுக்கும் இன்னாவோ அதே. எனக்குக் கண்ணுல தண்ணி முட்டிக்கினு வந்துது. அதை அந்த ஆளுக்குக் காட்டக் கூடாதுன்னு, வாயில வந்ததைச் சொன்னேன்.

"நூத்திப் பதினஞ்சு சார்."

"இன்னா?"

"முந்தாநாள் எதிர் ஊட்டுல ஒண்ணு பொறந்துது. பொம்பளப் புள்ள."

"அதெல்லாம் மணியக்காரரு எழுதி அனுப்புவாரும்மா. நீ சொல்லி நான் எழுதக் கூடாது. போ, அடுத்த ஆளு வரணும்."

நான் நகரல. எனக்குப் பின்னாடி நின்னவங்க மொணமொணன்னாங்க. "எழுதுங்க சார்"ன்னேன். கத்தல. கத்தறதுக்கு வேலையே இல்ல. "பொறந்துடுச்சு சார். எழுதுங்க."

அவரு பெருமூச்சு உட்டாரு. பேனாவைக் கீழ வெச்சாரு. காதுல சொருகியிருந்த பென்சிலை எடுத்து, நாலை அடிச்சு அஞ்சு போட்டாரு.